கால்பந்துக் கணிப்பு: மூன்று எண்களின் கணக்கு

இரண்டு நாடுகளின் அணிகள் மோதும் கால்பந்து ஆட்டத்தைக் கணிப்பது என்றால் மூன்று எண்களைச் சொல்வது. முதல் அணி ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு, ஆட்டம் டிராவில் முடிய எத்தனை, இரண்டாவது அணி ஜெயிக்க எத்தனை. மூன்றையும் கூட்டினால் நூறு வரவேண்டும். டிவி ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு ‘2-0, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்’ என்பவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. எவ்வளவு உறுதியோடு சொல்கிறார் என்று தெரியாதவரை, அவர் கணிப்பில் கெட்டிக்காரரா, அதிர்ஷ்டக்காரரா என்று பிறகு சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

2022 நவம்பர் 22 அன்று கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் சவுதி அரேபியாவும் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கலையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும். ஃபிஃபா தரவரிசையில் அர்ஜென்டினாவுக்கு 3-வது இடம், சவுதிக்கு 51. 2019 ஜூலையில் கோபா அமெரிக்கா அரையிறுதியில் பிரேசிலிடம் தோற்றபின் 36 ஆட்டங்களாக அர்ஜென்டினாவை யாராலும் வீழ்த்த முடியவில்லை. இதிலும் தோற்காமல் இருந்திருந்தால் இத்தாலியின் 37 ஆட்ட சாதனையைத் தொட்டிருக்கும். பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டார். இடைவேளை முடிந்து வந்ததும் 48-வது நிமிடத்தில் சாலே அல்-ஷெஹ்ரியும் 53-வது நிமிடத்தில் சாலெம் அல்-தவ்சரியும் அடித்த கோல்களால் சவுதி 2-1 என ஜெயித்தது. விளையாட்டுத் தரவு நிறுவனமான கிரேஸ்நோட்டின் கணக்குப்படி சவுதி ஜெயிக்க இருந்த வாய்ப்பு 8.7 சதவீதம். 1950-ல் பிரேசிலின் பெலோ ஹொரிசான்டே நகரில் இங்கிலாந்தை அமெரிக்கா 1-0 என வென்றதற்கு அதே நிறுவனம் கணக்கிட்டுச் சொன்னது 9.5. ஆக, உலகக் கோப்பை வரலாற்றிலேயே பெரிய அதிர்ச்சி இதுதான் என்று அது அறிவித்தது.

கணிப்புகள் பொய்த்துப் போயின என்று மறுநாள் எழுதாதவர்கள் குறைவு. ஆனால் 8.7 என்பது பூஜ்யம் இல்லை. ஏறக்குறைய பன்னிரண்டில் ஒன்று. ஒரு உலகக் கோப்பையின் குரூப் சுற்றில் மட்டும் அப்போது 48 ஆட்டங்கள். அதில் பெரிய அணியும் சின்ன அணியும் மோதுபவை ஒரு டஜனாவது தேறும். தொடருக்குப் பின் தொடராக அவற்றில் ஒன்றில்கூட இப்படி நடக்கவில்லை என்றால்தான் அந்த 8.7 மீது சந்தேகம் வரவேண்டும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலான கணிப்புகளுக்கு அடித்தளம் சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயற்பியல் பேராசிரியர் அர்பாட் ஈலோ, சதுரங்க வீரர்களின் பலத்தை ஒரே எண்ணில் சொல்ல ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. இருவரின் புள்ளி வித்தியாசத்தைக் கொண்டு ஆட்டத்தின் முடிவு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு எதிர்பார்ப்பு. ஆட்டம் முடிந்ததும், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்துப் புள்ளி ஏறும், இறங்கும். பலவீனமானவரைத் தோற்கடித்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். பலசாலியைச் சாய்த்தால் அள்ளலாம். 1992-ல் தொடங்கிய ஃபிஃபா தரவரிசை பல முறை கணக்கை மாற்றி, கடைசியில் 2018-ல் இந்த வழிக்கே வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய முறையில் நட்பு ஆட்டங்களைத் தவிர்த்துவிட்டாலே ஒரு நாட்டின் இடம் உயரும் என்ற ஓட்டை இருந்தது. தெரிந்தவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

லுசைல் ஆட்டத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அர்ஜென்டினாவின் புள்ளி சுமார் 1774, சவுதியுடையது சுமார் 1438. வித்தியாசம் 336. ஃபிஃபா சூத்திரத்தில் இந்த வித்தியாசத்தை 600-ஆல் வகுத்து, பத்தின் அடுக்காக மாற்றிக் கணக்கிட்டால் அர்ஜென்டினாவின் எதிர்பார்ப்பு 0.78 என்று வரும். இதை 78 சதவீத வெற்றி வாய்ப்பு என்று படிப்பது பலரும் செய்யும் தப்பு. இந்தக் கணக்கில் வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை. ஆகவே அந்த 0.78-க்குள் டிராவின் பாதியும் அடங்கியிருக்கிறது. நேர் வெற்றிக்கான வாய்ப்பு அதைவிடக் குறைவு. ஆட்டத்தின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப ஓர் எடையும் உண்டு: உலகக் கோப்பையின் தொடக்கச் சுற்று ஆட்டங்களுக்கு 50. நட்பு ஆட்டத்துக்கு 5 அல்லது 10, தகுதிச் சுற்றுக்கு 25, உலகக் கோப்பைக் காலிறுதியிலிருந்து 60. எதிர்பார்த்தது 0.78, தோல்விக்குக் கிடைத்தது 0; அந்த இடைவெளியை ஐம்பதால் பெருக்கினால் 39. ஒரே ஆட்டத்தில் அர்ஜென்டினா அந்த 39 புள்ளிகளை இழந்தது. சவுதி அதே 39-ஐப் பெற்றது.

இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாதவையும் உண்டு. 1-0 வெற்றியும் 7-0 வெற்றியும் அதற்கு ஒன்றுதான். ஆட்டம் யாருடைய மண்ணில் நடக்கிறது என்பதையும் அது கண்டுகொள்வதில்லை. 1997 முதல் தனியாக நடத்தப்படும் உலகக் கால்பந்து ஈலோ பட்டியல் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. சொந்த ஊர் அணிக்கு 100 புள்ளி கூடுதலாக வைத்தே கணக்குப் பார்க்கிறது. சம பலமுள்ள இரண்டு அணிகளில் சொந்த மண்ணில் ஆடுவதற்கு எதிர்பார்ப்பு 0.50-லிருந்து 0.64-ஆக உயர்கிறது என்று இதற்கு அர்த்தம். முன்னோட்டம் எழுதுபவருக்கு ஃபிஃபா பட்டியலைவிட இதுதான் உதவும். பத்திரிகைகள் என்னவோ இன்னமும் ஃபிஃபா எண்ணைத்தான் தலைப்பில் போடுகின்றன.

புள்ளி வித்தியாசம் யார் பலசாலி என்று சொல்லும். ஸ்கோர் என்ன வரும் என்று சொல்ல வேறொரு கணக்கு தேவை. கால்பந்தில் கோல் அரிது. 2014, 2018, 2022 உலகக் கோப்பைகளில் தலா 64 ஆட்டங்கள் நடந்தன. விழுந்த கோல்கள் முறையே 171, 169, 172. ஆட்டத்துக்கு மூன்றைத் தொடவில்லை. இப்படி எப்போதாவது, ஒன்றையொன்று சாராமல் நடக்கும் சம்பவங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் தெனி புவாசோன் கொடுத்த பகிர்வு நன்றாகப் பொருந்துகிறது. பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு ஒருவர் 1898-ல் இதைப் பொருத்திக் காட்டிப் பேர் வாங்கினார். கால்பந்துக்கு இரு அணிகளின் தாக்குதல் பலத்தையும் தற்காப்புப் பலத்தையும் தனித்தனியாக மதிப்பிட்டு இதைப் பொருத்தியவர் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் மேஹர், ஆண்டு 1982.

கைக்கணக்காக ஒரு உதாரணம். ஓர் அணி சராசரியாக 1.6 கோல் அடிக்கும், எதிரணி 0.9 அடிக்கும் என்று மதிப்பிட்டாயிற்று என வைத்துக்கொள்வோம். புவாசோன் கணக்குப்படி முதல் அணி கோலே அடிக்காமல் போக 20 சதவீதம், சரியாக ஒன்று அடிக்க 32, இரண்டு அடிக்க 26. எதிரணி கோலே அடிக்காமல் போக 41 சதவீதம், ஒன்று அடிக்க 37. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கி ஒவ்வொரு ஸ்கோருக்கும் ஒரு கட்டம் போட்டுக் கூட்டினால் முதல் அணிக்கு வெற்றி வாய்ப்பு 54, டிரா 25, தோல்வி 21 என்று வரும். கோல் சராசரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பலமுள்ள அணி, பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஜெயிக்கிறது. அதைவிட முக்கியமானது, அந்தக் கட்டங்களில் அதிக வாய்ப்புள்ள ஸ்கோர் 1-0. அதற்கே கிடைப்பது 13 சதவீதம். அடுத்து 1-1, 12 சதவீதம். எந்த ஸ்கோரைச் சொன்னாலும் தப்பாகப் போகத்தான் ஏழில் ஆறு பங்கு வாய்ப்பு என்னும்போது, ஸ்கோர் சொல்வது வாசகருக்குச் சுவாரசியமே தவிரத் தகவல் இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. 0-0, 1-1 போன்ற சின்ன டிராக்கள் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாக வருகின்றன. 1-1 என்று நிற்கும்போது இரு அணிகளும் ‘இது போதும்’ என்று அடக்கி வாசிப்பது ஒரு காரணம். டிக்சன், கோல்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1997-ல் இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். இன்றுள்ள பல கணிப்பு முறைகளுக்கு அவர்களுடையதுதான் மூலம்.

கணக்கு தயாராக இருந்தாலும் நாட்டு அணிகள் விஷயத்தில் அதற்குத் தீனி போதாது. ஒரு பெரிய ஐரோப்பிய கிளப் ஒரு சீசனில் ஐம்பது ஆட்டங்கள் ஆடும். ஒரு நாட்டு அணி ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு. அதிலும் ஒரு பகுதி நட்பு ஆட்டம். பயிற்சியாளர் புதுப் பையன்களைப் பரிசோதித்துக்கொண்டிருப்பார். ஒரு ஷாட் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது என்று பார்த்து அது கோலாகும் வாய்ப்பை மதிப்பிடும் ‘எக்ஸ்ஜி’ கணக்கு கிளப் கால்பந்தில் நன்றாக வேலை செய்கிறது. நாட்டு அணிகளுக்கு அதைச் சேர்ப்பதற்குள் பயிற்சியாளர் மாறிவிடுகிறார், பாதி அணியும் மாறிவிடுகிறது. எதிரணிகளின் தரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அர்ஜென்டினாவின் அந்த 36 ஆட்டங்களில் ஐரோப்பிய அணிகள் மூன்றுதான்: ஜெர்மனி, இத்தாலி, எஸ்டோனியா. மற்றவை பெரும்பாலும் தென் அமெரிக்காவுக்குள்ளேயே நடந்தவை. தெரிந்த ஆட்களோடு ஆடிச் சேர்த்த சாதனை, ஆசியாவிலிருந்து வரும் புதிய எதிரியைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான்.

பழைய நேருக்கு நேர் முடிவுகள் இன்னும் மோசம். 1992-ல் ரியாத்தில் நடந்த கிங் ஃபஹத் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா சவுதியை 3-1 என வென்றிருந்தது. முப்பது ஆண்டு கழித்து ஆட வந்தவர்களில் பலர் அன்று பிறக்கவே இல்லை. 2012-ல் அதே ரியாத்தில் மெஸ்ஸி ஆடியும் 0-0 என முடிந்த நட்பு ஆட்டம் ஒன்று இருந்தது. அதையும் பத்து ஆண்டு கழித்து ஆதாரமாகக் காட்ட முடியாது. முன்னோட்டக் கட்டுரைகளில் இந்தப் பழைய முடிவுகளின் அட்டவணைதான் முதலில் வரும். எழுதுவதற்குச் சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

இடத்தின் பலம் அப்படியல்ல. அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் அதற்குப் பெயர்போன ஊர் பொலிவியாவின் லா பாஸ். அங்குள்ள எர்னாண்டோ சீலெஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான உயரம். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவதால் சமவெளியிலிருந்து வந்தவருக்கு இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கும். காற்று மெல்லியதாக இருப்பதால் பந்தும் பழக்கமில்லாத வேகத்தில் பறக்கும். 1993-ல் பிரேசில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தன் முதல் தோல்வியைச் சந்தித்தது இங்கேதான், 2-0. 2009 ஏப்ரல் 1 அன்று மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா, அணியில் மெஸ்ஸி இருந்தும், 6-1 என உதை வாங்கியது. 2007-ல் உயரமான ஊர்களில் சர்வதேச ஆட்டங்களுக்கு ஃபிஃபா தடை போட்டுப் பார்த்து, தென் அமெரிக்க நாடுகளின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே கைவிட்டது.

அதே 2007-ல் மெக்ஷாரி என்ற ஆய்வாளர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். பத்துத் தென் அமெரிக்க நாடுகள் நூறு ஆண்டுகளில் ஆடிய 1,460 ஆட்டங்களை அலசியதில், இரு அணிகளின் ஊர்களுக்கு இடையே ஒவ்வொரு 1,000 மீட்டர் உயர வித்தியாசமும் கோல் வித்தியாசத்தில் ஏறக்குறைய அரை கோலைச் சேர்க்கிறது. ஒரே உயரத்து ஊர்க்காரர்கள் மோதினால் சொந்த மண் அணி ஜெயிக்கும் வாய்ப்பு 54 சதவீதம். பொலிவியாவுக்கும் பிரேசிலுக்கும் உள்ள அளவுக்கு உயர வித்தியாசம் இருந்தால் அது 82-ஐத் தாண்டுகிறது. இதைப் புரிந்துகொண்ட பொலிவியா 2024-ல் தகுதிச் சுற்று ஆட்டங்களை இன்னும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்டோவுக்குக் கொண்டுபோய்விட்டது. சாதாரண உயரத்திலும் சொந்த மண் உதவும்: பயணக் களைப்பு இல்லை, கூட்டத்தின் சத்தம் நடுவரின் விசிலையும் கொஞ்சம் அசைக்கிறது. 2020-ல் கொரோனாவால் காலி மைதானங்களில் ஆடியபோது ஐரோப்பாவில் இந்தச் சாதகம் குறைந்துபோனது.

யார் ஆடுகிறார்கள், யார் ஆடவில்லை என்பது அடுத்தது. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசான்டேயின் மினெய்ராவ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதிக்கு முன், ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற கணிப்புத் தளம் ஜெர்மனிக்கு எதிராகப் பிரேசிலுக்கு 65 சதவீத வாய்ப்புக் கொடுத்திருந்தது. 1975-க்குப் பிறகு பிரேசில் சொந்த மண்ணில் எந்தப் போட்டித் தொடர் ஆட்டத்திலும் தோற்றதில்லை என்பது அந்த எண்ணுக்குள் இருந்தது. காலிறுதியில் முதுகெலும்பில் அடிபட்டு நெய்மார் வெளியேறியிருந்தார். மஞ்சள் அட்டை சேர்ந்து கேப்டன் தியாகோ சில்வாவுக்கு அந்த ஆட்டத்தில் தடை. பத்திரிகைகள் நெய்மாரைப் பற்றியே எழுதின. தற்காப்பின் நடுவே நின்று வரிசையைக் கட்டிக்காப்பவர் இல்லை என்பதன் எடை குறைத்து மதிப்பிடப்பட்டது. 23-வது நிமிடத்திலிருந்து 29-வது நிமிடத்துக்குள் ஜெர்மனி நான்கு கோல் அடித்தது. முடிவு 7-1. எந்தக் கணிப்பு முறையிலும் 7-1-க்கு ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. ஒரு கோல் அடுத்த கோலைச் சாராது என்ற புவாசோனின் அடிப்படை அந்த ஆறு நிமிடங்களில் உடைந்துபோனது. நிலைகுலைந்த அணி இன்னும் வேகமாக நிலைகுலையும். கணக்கு அதை அறியாது.

லுசைலுக்குத் திரும்பினால், முன்கூட்டியே தெரிந்திருந்தும் பலர் எடைபோடாத ஒன்று இருந்தது. அந்த உலகக் கோப்பை வழக்கம்போல் ஜூன், ஜூலையில் நடக்கவில்லை. ஐரோப்பிய சீசனின் நடுவே நவம்பரில் நடந்தது. பெரிய லீக்குகள் நவம்பர் 13 வரை ஓடின. அர்ஜென்டினா வீரர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து சேர்ந்து, அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்துடன் ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடிவிட்டுக் களமிறங்கினார்கள். நடுக்களத்தில் பந்தைப் பங்கிட்டுத் தரும் லோ செல்சோ காயத்தால் தொடருக்கே வரவில்லை. சவுதி அணியிலோ எல்லோரும் உள்நாட்டு லீக் வீரர்கள், பாதிக்கு ஏறத்தாழ ஒரே கிளப்பான அல்-ஹிலாலைச் சேர்ந்தவர்கள். லீக்கை முன்னதாகவே நிறுத்திவிட்டுப் பல வாரம் முகாமிட்டுப் பழகியவர்கள். போதாக்குறைக்குக் கத்தார் பக்கத்து நாடு. தரை வழியாகவே ரசிகர்கள் வந்து குவிந்தார்கள்.

அந்தப் பழக்கம் எங்கே பயன்பட்டது என்பதை முதல் பாதியிலேயே பார்க்க முடிந்தது. பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் தன் நான்கு டிஃபெண்டர்களையும் கோலுக்கு முன்னால் குவிக்காமல், நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வரை ஏற்றி ஒரே வரிசையில் நிறுத்தினார். பந்து கிளம்பும் நொடியில் நான்கு பேரும் ஒரே அடி முன்னால் நகர்ந்தால் எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடில் மாட்டுவார். ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் கோல்கீப்பரும் ஃபார்வர்டும் மட்டும்தான் மிச்சம். மெஸ்ஸி ஒரு முறை, லாவ்தாரோ மார்ட்டினெஸ் இரண்டு முறை என மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று ரத்தாயின. ஆட்டம் முழுக்க அர்ஜென்டினா பத்து முறை ஆஃப்சைடில் சிக்கியது. கூரைக்கு அடியில் பொருத்திய 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவு செய்யும் தொழில்நுட்பம் உலகக் கோப்பையில் அப்போதுதான் முதல் முறையாக வந்திருந்தது. பழைய காலத்து லைன்ஸ்மேனின் கண்ணுக்கு மட்டும் விட்டிருந்தால் அதில் ஒன்றாவது கோலாகி, ஆட்டம் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கக்கூடும். மறுபக்கம், கோலை நோக்கி நேராக வந்த சவுதி ஷாட்கள் இரண்டுதான். இரண்டும் உள்ளே போயின. கணிப்பு தவறியது என்பதைவிட, பன்னிரண்டில் ஒரு முறை வரவேண்டியது அன்று வந்தது என்பதே பொருத்தம்.

எந்த ஆட்டத்திலும் இரு அணிகளுக்கும் அன்று என்ன தேவை என்று கேட்டாக வேண்டும். அதே 2022 தொடரில் துனீசியா பிரான்ஸை வென்றது, கேமரூன் பிரேசிலை வென்றது, தென் கொரியா போர்ச்சுகலை வென்றது. மூன்றும் குரூப்பின் கடைசி ஆட்டங்கள். மூன்று பெரிய அணிகளும் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போயாயிற்று. துனீசியாவுக்கு எதிராகப் பிரான்ஸ் ஒன்பது பேரை மாற்றியிருந்தது. இவற்றை சவுதியின் வெற்றியோடு ஒரே பட்டியலில் சேர்ப்பது சரியாகாது. தேவையே இல்லாத ஆட்டத்துக்கு மறக்க முடியாத சாட்சி 1982 ஜூன் 25 அன்று ஸ்பெயினின் கிஹோன் நகரில் கிடைத்தது. மேற்கு ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் அதுவும் ஆஸ்திரியாவும் சேர்ந்தே முன்னேறும். முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியேறும். பத்தாவது நிமிடத்தில் ருபெஷ் ஒரு கோல் அடித்தார். அதற்குப் பிறகு எண்பது நிமிடம் இரு அணிகளும் பந்தைத் தமக்குள் உருட்டிக்கொண்டிருந்தன. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இந்திய அணியைத் தொடர்பவர்களுக்கு 2019-ன் ஆறு வாரங்கள் போதும். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செப்டம்பர் 5 அன்று குவாஹாட்டியில் ஓமனுக்கு எதிராக சுனில் சேத்ரி அடித்த கோலால் கடைசிக் கட்டம் வரை முன்னிலையில் இருந்து, 2-1 என இந்தியா தோற்றது. ஐந்து நாள் கழித்து தோஹாவில் எதிரே ஆசியச் சாம்பியன் கத்தார். ஆப்கானிஸ்தானை 6-0 என நொறுக்கிவிட்டு வந்த அணி. காய்ச்சலால் சேத்ரி இல்லை. யாரும் ஒரு புள்ளியைக்கூட எதிர்பார்க்கவில்லை. கேப்டன் பொறுப்பேற்ற கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து ஷாட்டுக்கு மேல் ஷாட்டாகத் தடுத்து 0-0 என முடித்தார். அக்டோபர் 15 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் வங்கதேசம். தரவரிசையில் இந்தியா 104, வங்கதேசம் 187. மைதானம் நிறைந்த கூட்டம், சேத்ரியும் திரும்பிவிட்டார். 42-வது நிமிடத்தில் வங்கதேசம் முந்தியது. 88-வது நிமிடத்தில் அடில் கான் தலையால் முட்டிய பந்துதான் 1-1 என மானத்தைக் காத்தது. தோஹா முடிவை வைத்து இந்தியா மாறிவிட்டது என்று எழுதியவர்களும், கொல்கத்தா முடிவை வைத்துப் பழைய கதைதான் என்று எழுதியவர்களும், ஒரு ஆட்டத்திலிருந்து எடுக்கக்கூடியதைவிட அதிகமாக எடுத்தார்கள்.

இத்தனையையும் ஒருவர் தனியாக எடைபோட வேண்டியதில்லை. உலகெங்கும் பந்தய நிறுவனங்கள் நிர்ணயிக்கும் விலையில் இவையெல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. காயச் செய்தி வந்த சில நிமிடத்தில் விலை நகர்கிறது. பணம் கட்டுவது இந்தியாவின் பெரும்பகுதியில் சட்டத்துக்குப் புறம்பானது. ஆனால் அந்த விலையைத் தகவலாகப் படிக்கலாம். ஓர் அணிக்கு 1.80, டிராவுக்கு 3.60, எதிரணிக்கு 4.75 என்று இருந்தால் ஒவ்வொன்றாலும் ஒன்றை வகுக்கவேண்டும்: 55.6, 27.8, 21.1. கூட்டினால் நூறு வராது, 104-க்கு மேல் வரும். நூறுக்கு மேலே இருப்பது நிறுவனத்தின் லாபம். அதைக் கழித்துச் சரிசெய்தால் சுமார் 53, 27, 20. இந்த எண்களைத் தொடர்ந்து முந்தும் கணிப்பாளர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. நாக் அவுட் ஆட்டங்களில் இவை பொதுவாக 90 நிமிட முடிவுக்கு மட்டும் பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும். 2022 இறுதியில் அர்ஜென்டினா கோப்பையை வென்றது. ஆனால் 90 நிமிடத்தில் 2-2, கூடுதல் நேரத்தில் 3-3. பிரான்ஸைப் பெனால்டியில் 4-2 என முடித்ததும் கணக்கேட்டில் டிராதான்.

கணிப்பாளரை மதிப்பிட 1950-ல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் கொடுத்த அளவுகோல் உண்டு. மழைக்கு 70 சதவீதம் என்று சொன்ன நாட்களில் பத்துக்கு ஏழு நாள் மழை பெய்ததா என்று பார்ப்பதுபோல, ஆட்டங்களிலும் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டவேண்டும். 54, 25, 21 என்று சொல்லி முதல் அணியே ஜெயித்தால் பிழை 0.32. ஒன்றும் தெரியாமல் மூன்றுக்கும் சமமாகக் கொடுத்தவருக்கு 0.67. நூறு சதவீதம் என்று அடித்துச் சொல்லித் தவறியவருக்கு 2, அதாவது இருப்பதிலேயே மோசமான மதிப்பெண். ஒரு ஆட்டத்தில் இந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. சில நூறு ஆட்டங்களைச் சேர்த்தால்தான் கெட்டிக்காரரும் அதிர்ஷ்டக்காரரும் பிரிவார்கள்.

பெரிய பேர்களும் இதில் தப்புவதில்லை. 2018 உலகக் கோப்பைக்கு முன் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் பொருளாதார நிபுணர்கள் இறுதியில் ஜெர்மனியைப் பிரேசில் வெல்லும் என்று கணித்தார்கள். ஜெர்மனி குரூப் சுற்றிலேயே வெளியேறியது; பிரேசில் காலிறுதியில் பெல்ஜியத்திடம் தோற்றது. அந்தக் கணக்கிலேயே பிரேசிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை என்பதைச் செய்திகள் தலைப்பில் சொல்லவில்லை. மறுபுறம், ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் மீன் காட்சியகத்தில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் 2010 உலகக் கோப்பையில் கொடி ஒட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் திறந்து சாப்பிட்டே எட்டுக்கு எட்டு சரியாகச் சொன்னது. நாணயம் சுண்டி எட்டு முறை சரியாகச் சொல்ல வாய்ப்பு 256-ல் ஒன்று. அந்த மாதம் உலகெங்கும் கிளி, குரங்கு, பன்றி என எத்தனையோ ஜீவன்கள் கணித்துக்கொண்டிருந்தன, தவறியவை செய்தியாகவில்லை. அந்தப் பால்கூட 2008 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனியின் ஆறு ஆட்டங்களில் இரண்டைத் தவறாகச் சொல்லியிருந்தது. அவற்றில் ஒன்று ஸ்பெயினுக்கு எதிரான இறுதி ஆட்டம்.